எண்ணைப் பார், ஆளைக் கேள்: மாத்தளையில் இயலாமைக் காப்புறுதிக் கோரிக்கைகளைக் கையாள்வது எப்படி?

காப்புறுதிக் கிளையொன்றின் கோரிக்கைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? தோட்ட அலுவலகத்திலோ ஆடைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலோ விபத்துக் கோப்புகள் உங்கள் கைக்கு வருகின்றனவா? அப்படியானால் இது உங்களுக்கான கட்டுரை.

கை முறிந்தவர், முதுகு பிடித்துக்கொண்டவர், பார்வை மங்கியவர் அனுப்பிய விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கும். பக்கத்துத் திரையில் ஓர் எண்ணும் தெரியும் காலம் வந்துவிட்டது. இவர் மூன்று மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 35 என்று அது சொல்லும். இந்தக் கோப்புக்கு இவ்வளவு பணம் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லும். சில வேளை, இதைக் கூடுதலாக விசாரியுங்கள் என்று சிவப்புக் குறியும் காட்டும். பழைய கோப்புகளில் நடந்ததைக் கற்றுக்கொண்டு புதிய கோப்பில் என்ன நடக்கும் என்று கணிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்வுகூறல் மாதிரி என்று பெயர்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு முதலில் உதவி போக வேண்டும், யாருக்குத் தாமதமில்லாமல் காசு கொடுத்துவிடலாம் என்று அறிய இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று அறிய ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பணம் எந்த வழியில் வருகிறது

மாத்தளையில் உடல் இயலாமல் போன ஒருவருக்குப் பணம் வரக்கூடிய வழிகள் பல. அவை ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியாக ஓடுகின்றன. கோரிக்கை மேசையில் இருப்பவருக்கு எல்லா வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு இதன்படி தொழில் தருநருடையது. பல நிறுவனங்கள் இந்தப் பொறுப்பைக் காப்புறுதி செய்து வைத்திருக்கின்றன. 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்துகளையும் அது சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ரத்தோட்டை வீதியில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வாகனம் கவிழ்ந்தால், வேலைத்தளத்தில் நடக்கவில்லையே என்று கோப்பை மூடும் காலம் போய்விட்டது. இந்த மாற்றம் நடந்ததையே அறியாத அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது, ஆயுள் காப்புறுதியோடு சேர்த்து எடுக்கும் நிரந்தர முழு இயலாமை, விபத்து, வைத்தியசாலை நாட்கொடுப்பனவு ஆகிய மேலதிகக் காப்புகள். மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் ஓய்வு வயதுக்கு முன்பே அதை எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் இயலாமைக்கான நன்மை உண்டு. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதித் திட்டம் இருக்கிறது. கமக்காரருக்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஓய்வூதியத் திட்டத்திலும் இயலாமைக் கொடுப்பனவுக்கு இடமிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே, பிரதேச செயலகம் ஊடாக வரும் நலன்புரிக் கொடுப்பனவுகள் உண்டு.

ஒரு வழி மூடியிருந்தால் அடுத்த வழியைக் காட்டுவதும் உங்கள் வேலைதான். எந்தக் கணினியும் இதை உங்களுக்காகச் செய்யாது.

மாதிரி உண்மையில் என்ன செய்கிறது

இயலாமைக் கோரிக்கைகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே முடிந்துவிடும். சிறு பகுதி மட்டும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும். செலவின் பெரும் பகுதியும் துன்பத்தின் பெரும் பகுதியும் அந்தச் சிறு பகுதியில்தான் கிடக்கின்றன. அதை முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டால் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு அனுப்பலாம். இலகுவான வேலை கொடுக்கும்படி தொழில் தருநரிடம் பேசலாம். இடைக்கால முற்பணம் கேட்கலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், வேலைப் பழக்கமும் போயிருக்கும், கடனும் ஏறியிருக்கும்.

இதற்கான கணக்கு புதியதல்ல. ஒருவர் வேலைக்குத் திரும்ப எத்தனை நாளாகும் என்பதை மதிப்பிட உதவும் கப்லான்-மயர் முறை 1958இல் வெளியானது. வயது, தொழில், காயத்தின் வகை போன்றவை அந்தக் கால அளவை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க உதவும் கொக்ஸ் முறை 1972இல் வந்தது. இன்றைய மென்பொருள்களுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இவற்றின் வழித்தோன்றல்களே.

புதியவர்கள் விழும் முதல் குழி இங்கேதான் இருக்கிறது. டிசம்பர் 31 அன்று தரவுகளைத் திரட்டுகிறீர்கள். சிலர் இன்னும் வேலைக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள். முடிவு தெரியாத கோப்பு என்று அவற்றை நீக்கிவிட்டால், நீண்ட காலம் படுத்திருப்பவர்கள்தான் கணக்கிலிருந்து மறைவார்கள். மிஞ்சியவர்களை வைத்துச் சராசரி எடுத்தால் எல்லோரும் சீக்கிரம் குணமாகிறார்கள் என்று பொய்யாகத் தெரியும். மேலே சொன்ன இரண்டு முறைகளும் முடியாத கோப்புகளையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மாதிரி வந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இன்னும் முடியாத கோப்புகளை என்ன செய்தீர்கள்?

இரண்டாவது கேள்வி தரவின் அளவு பற்றியது. ஒரு கிளையில் சில நூறு கோப்புகள்தான் இருக்கின்றன என்றால், ஐந்தாறு காரணிகள் கொண்ட எளிய மாதிரியே போதும். ஐம்பது காரணிகளைத் திணித்தால் அது பழைய கோப்புகளை மனப்பாடம் செய்யும். புதிய கோப்பில் தடுமாறும். எளிய மாதிரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஏன் இந்த எண் வந்தது என்று கோரிக்கையாளருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லலாம்.

மாத்தளையின் தரவு எங்கே பொய் சொல்கிறது

கொழும்பில் கற்ற மாதிரி மாத்தளைக்கு அப்படியே பொருந்தாது. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட இந்த மாவட்டத்தில் எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கம் தேயிலையும் மிளகும் கராம்பும். தம்புள்ளை, கலேவெலவில் மரக்கறியும் வெங்காயமும். வில்கமுவவில் நெல்லும் யானையும். காயங்களும் இடத்துக்கு இடம் மாறும். குளவி கொட்டியவர், கராம்பு மரத்திலிருந்து விழுந்தவர், பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை சுமந்து முதுகு போனவர், ஏ-9 வீதியில் முச்சக்கர வண்டியோடு கவிழ்ந்தவர் எல்லோரையும் தொழிலாளி என்ற ஒரே குறியீட்டில் போட்டு வைத்தால் மாதிரிக்கு எதுவும் புரியாது.

ஒரே முழங்கால் காயத்தோடு இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். மேசையில் இருந்து கணக்கு எழுதுபவர் இரண்டு வாரத்தில் வந்துவிடலாம். சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு மாதம் போதாமல் போகலாம். ஆகவே தொழில் என்ற கட்டத்தில் பதவியின் பெயரை எழுதாதீர்கள். உடம்பு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். கவ்வாத்து வெட்டுகிறாரா, மருந்து அடிக்கிறாரா, மூட்டை சுமக்கிறாரா, ஏணியில் ஏறுகிறாரா, நாளுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார்? இந்த ஒரு வரி உங்கள் மாதிரியின் தரத்தை உயர்த்தும் அளவுக்கு விலை கூடிய எந்த மென்பொருளும் உயர்த்தாது.

அடுத்தது தாமதம். விபத்து நடந்த நாளுக்கும் விண்ணப்பம் வந்த நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளி உலகெங்கும் மாதிரிகள் விரும்பிப் பயன்படுத்தும் காரணி. தாமதமாக வரும் கோரிக்கை சந்தேகத்துக்குரியது என்று பல மாதிரிகள் கற்றிருக்கின்றன. இங்கே நடப்பதைப் பாருங்கள். மலைச்சரிவில் விழுந்தவர் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கிருந்து பக்கத்து வைத்தியசாலைக்கு. பிறகு மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு. கடினமான காயமென்றால் கண்டிக்கு. வார்டை விட்டு வரும்போதுதான் நோய் விவரத் துண்டு கையில் கிடைக்கிறது. விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் நிரப்பித் தர ஆள் தேட வேண்டும். இந்தத் தாமதம் தூரத்தையும் மொழியையும் அளக்கிறது. மாதிரி அதைக் கள்ளம் என்று படிக்கிறது.

பெயர் விடயமும் அப்படித்தான். மலையகத் தமிழரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் இன்னொரு பெயர் இருப்பது புதிய செய்தியல்ல. தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்கள் தமக்குக் கேட்டபடி எழுதினார்கள். தகப்பன் பெயர் முன்னால் வந்தது, பின்னால் போனது, சில இடங்களில் விடுபட்டது. பெயர்ப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இதை ஆள்மாறாட்டம் என்று குறிக்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் தமிழர். முழு நாட்டுத் தரவில் கற்ற மாதிரிக்குள் மாத்தளைத் தோட்டத் தமிழர் எவ்வளவு சிறிய புள்ளி என்று எண்ணிப் பாருங்கள். முதற் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வையுங்கள்: “அம்மா, ஆஸ்பத்திரித் துண்டுல இருக்கிற பேரும் ஐடென்டி காட்ல இருக்கிற பேரும் ஒண்ணா? வேற பேர்ல ஏதும் பதிஞ்சிருக்கா?” எல்லா வடிவங்களையும் கோப்பில் ஏற்றிவிட்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

வில்கமுவப் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகள் தனி வகை. காரணம் இன்னதென்று உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கே விவசாயக் குடும்பங்களைப் பல வருடமாக வாட்டுகிறது. விபத்து நடந்த திகதி என்ற கட்டத்தில் இவர்களால் எதை எழுத முடியும்? நோய் மெல்ல வருகிறது. வேலை செய்யும் நாட்கள் மெல்லக் குறைகின்றன. விபத்துக் காயங்களில் கற்ற மாதிரியை இவர்கள்மேல் ஓடவிடவே கூடாது. அவர்களின் கோப்புகளைத் தனியே பிரித்து ஆளே பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது கடினம். வேலைக்குத் திரும்பிய நாளைக் குணமான நாள் என்று மாதிரிக்குக் கற்பிக்கிறோம். நாட்சம்பளத்தில் வாழும் ஒருவர் குணமாகித் திரும்புகிறாரா, அல்லது லயத்தில் அடுப்பு எரியாததால் திரும்புகிறாரா? வலியோடு மலை ஏறிய பெண்ணைப் பதிவேடு பன்னிரண்டு நாளில் குணமானவர் என்று எழுதுகிறது. இப்படிப் பல நூறு பதிவுகளைப் படித்த மாதிரி, தோட்டத்துப் பெண்கள் சீக்கிரம் குணமாகிறார்கள் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்து வரும் பெண்ணுக்குக் குறைவான நாட்களைக் கணிக்கிறது. உதவி தேவையில்லை என்கிறது. அவளும் வலியோடு திரும்புகிறாள். மாதிரி சரியாகச் சொன்னது என்று அறிக்கை வருகிறது.

இதே வகைப் பிழையை அமெரிக்காவில் ஸியாத் ஓபர்மையரும் அவருடைய சகாக்களும் 2019இல் சயன்ஸ் இதழில் வெளிக்கொணர்ந்தார்கள். யாருக்கு மருத்துவ உதவி கூடுதலாகத் தேவை என்று கணிக்க ஒரு மாதிரி, கடந்த காலத்தில் ஆன செலவை அளவுகோலாக எடுத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவு செய்யப்பட்டிருந்ததால், அவர்களுக்குத் தேவையும் குறைவு என்று அது முடிவுகட்டியது. அந்த மாதிரியில் இனம் என்ற கட்டமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் மாதிரியில் சாதி, இனம், மொழி எதுவும் இல்லை, ஆகவே பாரபட்சம் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிகாரம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய ஒரு மாதத்துக்குப் பின் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். வலி இருக்கிறதா, முழு நாள் வேலை செய்கிறாரா, பறிக்கும் கொழுந்தின் நிறை குறைந்திருக்கிறதா, மறுபடி லீவு எடுத்தாரா என்று கேட்டுப் பதியுங்கள். அந்தப் பதிலைத்தான் மாதிரி கற்க வேண்டும்.

கள்ளக் கோரிக்கை வேட்டை: ஒரு சிறு கணக்கு

மென்பொருள் விற்க வருபவர் முதலில் பேசுவது பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பது பற்றித்தான். அவரோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கோரிக்கைகள் வருகின்றன, அவற்றில் 20 பொய்யானவை என்று வைத்துக்கொள்வோம். மாதிரி பொய்யானவற்றில் 90 வீதத்தைப் பிடிக்கிறது. நேர்மையானவற்றில் 10 வீதத்தை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. இனி எண்ணுங்கள். பிடிபட்ட பொய்கள் 18. தவறாகச் சந்தேகிக்கப்பட்ட நேர்மையானவர்கள், 980இல் 10 வீதம், அதாவது 98 பேர். மொத்தம் 116 சிவப்புக் குறிகள். குறி விழுந்தவர்களில் உண்மையான பொய்யர் ஆறில் ஒருவருக்கும் குறைவு. அந்த 116 பேரின் பணத்தையும் நிறுத்தி வைத்தால், அடி விழுவது பெரும்பாலும் அடிபட்டுக் கிடப்பவர்மேல்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இது நடந்தே விட்டது. வேலையிழந்தோர் கொடுப்பனவில் மோசடியைக் கண்டுபிடிக்க மைடாஸ் என்ற கணினி முறையை 2013இல் ஓடவிட்டார்கள். 2015 வரை அது ஆளின் தலையீடு இல்லாமலே பல்லாயிரம் பேரை மோசடிக்காரர் என்று தீர்த்தது. பின்னர் மாநிலமே மீளாய்வு செய்தபோது, கணினி தனியே எடுத்த மோசடித் தீர்ப்புகளில் 93 வீதம் பிழை என்று தெரிந்தது. அதற்குள் பலருடைய சம்பளமும் வரி மீளளிப்பும் பறிமுதலாகியிருந்தன.

அவுஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டம் இன்னொரு பாடம். ஒருவரின் வருடாந்த வருமானத்தை இரண்டு வாரத் துண்டுகளாகச் சமமாகப் பிரித்து, நீங்கள் கூடுதலாக உதவித்தொகை வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று கணினி கடிதம் அனுப்பியது. ஒழுங்கற்ற வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சராசரி பொய். 2023 ஜூலையில் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. எங்கள் தோட்டங்களில் கொழுந்து நிறைந்த மாதச் சம்பளமும் வரட்சி மாதச் சம்பளமும் ஒன்றல்ல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் சுமை இறக்குபவருக்குச் சம்பளத் துண்டே கிடையாது. சராசரி எடுக்கும் இடம் எல்லாவற்றிலும் கையை நிறுத்தி, இந்த ஆளின் வருமானம் உண்மையில் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

உள்ளூரிலும் அனுபவம் இருக்கிறது. 2023இல் கொடுப்பனவு தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டது. நாடு முழுவதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் குவிந்தன. தனக்கு ஏன் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்கு ஏன் கிடைத்தது என்று பிரதேச செயலக வாசலில் நின்று கேட்டவருக்கு, கணினி அப்படித்தான் போட்டிருக்கிறது என்ற பதில் எவ்வளவு ஆத்திரத்தைக் கொடுத்தது என்பதை மாத்தளை வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆம் என்று சொல்ல மட்டும்

சரியாக அமைத்த உதாரணம் ஒன்றும் உண்டு. நியூசிலாந்தின் விபத்து நட்டஈட்டுக் கூட்டுத்தாபனம், ஏசிசி, 1974 முதல் அந்நாட்டு விபத்துக் காயங்கள் அனைத்துக்கும் காப்பளிக்கிறது. கோரிக்கைகளை ஏற்பதற்கு எதிர்வுகூறல் மாதிரிகளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது அது ஒரு வரையறை வைத்தது. தெளிவான கோரிக்கையைக் கணினி தானாக ஏற்கலாம். தெளிவில்லாததை உத்தியோகத்தரிடம் அனுப்ப வேண்டும். மறுக்கும் அதிகாரம் ஆளுக்கு மட்டுமே.

இதை உங்கள் கிளையிலும் கேட்டு வாங்குங்கள். மாதிரி தவறினாலும் தவறு எந்தப் பக்கம் விழும் என்பதை இந்த வரையறை தீர்மானிக்கிறது. தவறாக ஆம் என்றால் நிறுவனத்துக்குக் கொஞ்சம் நட்டம். அதைத் தாங்கத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். தவறாக இல்லை என்றால் ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கும், பிள்ளையின் படிப்பை நிறுத்தும். இரண்டு தவறுகளும் ஒரே எடை அல்ல.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய வகையாக வைக்கிறது. முழுக்கத் தானியங்கி முறையில் எடுத்த முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையையும் அது எழுதி வைத்திருக்கிறது. ஆகவே நோய் விவரத் துண்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். கோரிக்கையாளரிடம் வாங்கும் சம்மதத்தை அவர் வாசிக்கக்கூடிய மொழியில் வாங்குங்கள். மறுப்புக் கடிதம் போக வேண்டியிருந்தால் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம் என்பதையும், வேலைக் காயமென்றால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். முறையிடும் வழியை மறைப்பவர் நிறுவனத்தைக் காப்பாற்றுவதில்லை.

அன்றாட வேலையில்

குறிப்பு எழுதும் முறையை மாற்றுங்கள். உத்தியோகத்தர்கள் கோப்பில் எழுதும் வரிகளையும் இன்றைய மாதிரிகள் படிக்கின்றன. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினால் அது அந்த ஆளின் குணமாகிவிடும். நடந்தது என்ன? மூன்று முறை அழைத்தீர்கள், எடுக்கவில்லை. அவர் இருக்கும் டிவிசனில் சிக்னல் இல்லை. கணக்கப்பிள்ளை மூலம் சேதி அனுப்பினீர்கள், மறுநாள் வந்தார். இதை இப்படியே எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயம் கோப்புக்குத் தேவையில்லை. நீங்கள் பார்த்ததும் கேட்டதும் தேவை.

எண் எதுவாக இருந்தாலும் முதல் வாரத்துக்குள் ஒரு முறை பேசுங்கள். வேலையில் எதைச் செய்ய முடியவில்லை, வீட்டில் உழைப்பவர் வேறு யார், அடுத்த கிளினிக் எப்போது, மேற்பார்வையாளர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மறுபடி வேலைக்குப் போனால் வலி கூடும் என்ற பயம், வேலைத்தளத்தில் மரியாதை போன மனக்கசப்பு, வீட்டுக் கவலை ஆகியவை காயத்தின் ஆழத்தைவிட அதிகமாக ஒருவரைப் படுக்கையில் வைத்திருக்கும் என்று முதுகுவலி ஆய்வுகள் பல வருடமாகச் சொல்கின்றன. இவற்றுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. கேட்பவருக்கே தெரியும்.

இலகு வேலை பற்றித் தோட்டத் துரையிடமோ தொழிற்சாலை முகாமையாளரிடமோ பேசக் கூச்சப்படாதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் உதவி, நாற்று மேடை வேலை, மிளகு தரம் பிரித்தல், பொதி ஒட்டுதல் என்று உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருக்கின்றன. வைத்தியர் ஒப்புக்கொண்டு, தொழிலாளியும் விரும்பி, சம்பளம் குறையாமல் கிடைக்கும் இலகு வேலை இரு தரப்புக்கும் நன்மை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது வற்புறுத்தல்.

மாதிரியையும் கண்காணிக்க வேண்டும். அதற்கு ஒரு கொப்பி போதும். நீளும் வாய்ப்பு 70 வீதம் என்று மாதிரி சொன்ன கோப்புகளைத் தனியே குறியுங்கள். அவற்றில் பத்துக்கு ஏழு உண்மையில் நீண்டனவா? தோட்டக் கோப்புகளையும் நகரக் கோப்புகளையும் பிரித்தால் அதே விடை வருகிறதா? ஆண், பெண்? மாதிரிக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபட்ட கோப்புகளில் கடைசியில் யார் சொன்னது நடந்தது? ஒரு வருடம் இப்படி எழுதி வைத்தவரின் பேச்சைத் தலைமை அலுவலகம் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தத் தரவு அவர்களிடம் இருக்காது.

படிப்பும் பாதையும்

இந்தத் துறைக்கு வர எல்லோரும் காப்பீட்டுக் கணிப்பாளர் ஆக வேண்டியதில்லை. உயர்தரத்தில் கணிதம் செய்தவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் பட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. வணிகம், கலை படித்தவர் இலங்கைக் காப்புறுதி நிறுவகத்தின் பாடநெறிகளில் தொடங்கலாம். இலண்டன் பட்டயக் காப்புறுதி நிறுவனத்தின் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதலாம். எக்செல் நன்றாக வர வேண்டும். பிறகு ஆர் அல்லது பைதன். இரண்டும் இலவசம். மருத்துவச் சொற்களையும் நோய்களுக்கான ஐசிடி-10 குறியீடுகளையும் ஓரளவு பழகிக்கொள்ளுங்கள்.

மாத்தளைத் தமிழ் இளைஞருக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்து, தோட்டத்தில் என்ன வேலை எப்படி நடக்கிறது என்றும் தெரிந்தவர்கள் கோரிக்கைத் துறையில் மிகக் குறைவு. பெரட்டுக்களத்தில் பெயர் எப்படி விழுகிறது, அரைநாட் பேர் என்றால் என்ன, கைகாசுக்கு வேலை செய்தவரின் நாள் எந்தப் பதிவிலும் ஏறாதது ஏன் என்று கொழும்பில் மாதிரி கட்டுபவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நேர்முகத் தேர்வில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த அறிவைத் தரவாக மாற்றத் தெரிந்தவரின் சம்பளமும் பதவியும் உயரும்.

தொடங்க அனுமதி, பட்டம், மென்பொருள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் கடந்த வருடம் மூடிய இயலாமைக் கோப்புகளை மேலதிகாரியின் சம்மதத்தோடு எடுங்கள். பெயரையும் அடையாள எண்ணையும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து திகதிகளை மட்டும் எக்செலில் ஏற்றுங்கள்: விபத்து, முதல் சிகிச்சை, விண்ணப்பம் வந்த நாள், பணம் போன நாள், வேலைக்குத் திரும்பிய நாள். பக்கத்தில் உடம்பு செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு விண்ணப்பம் வந்த நாளுக்கும் பணம் போன நாளுக்கும் இடையில் அதிக நாட்கள் காத்திருந்தவர்கள் யார் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்தப் பட்டியலை அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், முதலில் இவர்களைப் போன்றவர்களின் கோப்பை எடுப்போம் என்று கேளுங்கள்.